ரேடியேட்டரும் ஒரு தகர டப்பாவும்: பாலைவனத்தில் வண்டி நின்றால்

பாலைவனப் பயணம் பற்றிய புத்தகங்களில் நட்சத்திரம், நிலா, தனிமை எல்லாம் நிறைய வரும். எனக்கு அதுல பிடிச்ச பகுதி வேற. வண்டி நின்னு போச்சு, அடுத்த கிணறு 300 கிலோமீட்டர் தள்ளி, கையில் இருக்கிற தண்ணீர் நாலு நாளைக்குத்தான் வரும். இப்போ என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் எல்லா வழியும் ஒரே ஆளிடம் கொண்டுபோய் விடுகிறது. ரால்ஃப் பாக்னால்ட். 1896ல் பிறந்த ஆங்கிலேயர், ராணுவப் பொறியாளர். முதல் உலகப் போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தார். 1926ல் எகிப்துக்கு மாற்றல். அங்கே அவரும் சில சக அதிகாரிகளும் லீவு கிடைக்கும்போதெல்லாம், சொந்தக் காசில், ஃபோர்ட் கார்களை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குள் முகாம் போட்டுச் சுற்ற ஆரம்பித்தார்கள். யாரும் அனுப்பவில்லை. இன்னைக்கு நம்ம பசங்க நாலு பேர் சேர்ந்து பைக்கில் லடாக் போற மாதிரிதான். ஒரே வித்தியாசம், அவர்கள் போன இடத்தில் ரோடும் இல்லை, சரியான மேப்பும் இல்லை.

அவர்கள் குறிவைத்தது எகிப்து, லிபியா எல்லையில் இருக்கும் பெரும் மணற்கடல். சுமார் 72,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல், வெறும் மணல் மேடு. கார் அதைத் தாண்டவே முடியாது என்பதுதான் அப்போதைய பொது அபிப்பிராயம். 1930ல் இவர்கள் தாண்டினார்கள். கார் என்றால் ஏதோ விசேஷ வண்டி என்று நினைக்க வேண்டாம். ஃபோர்ட் மாடல் ஏ, சுமார் 40 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம் மட்டும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி கிடையாது.

தண்ணீர் எங்கே போகிறது?

முதல் பிரச்சினை ரேடியேட்டர். மென்மையான மணலில் வண்டி முதல் கியரில் மெதுவாக ஊரும். எஞ்சின் முழு மூச்சாக ஓடும், ஆனால் முன்னால் இருந்து வர வேண்டிய காற்று வராது. பின்காற்று அடித்தால் இன்னும் மோசம். வண்டியும் காற்றும் ஒரே வேகத்தில் ஒரே திசையில் போனால், ரேடியேட்டரைப் பொறுத்தவரை காற்றே இல்லை என்று அர்த்தம். தண்ணீர் கொதிக்கும், ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக ஆவியாகவும் நீராகவும் வெளியே போகும். நாம் என்ன செய்வோம்? மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவோம். பாலைவனத்தில் அந்தத் தண்ணீர் குடிக்க வைத்திருந்த தண்ணீர். வண்டி குடித்தால் மனுஷனுக்கு இல்லை.

பாக்னால்ட் குழுவின் தீர்வு ரொம்ப எளிமையானது. ஓவர்ஃப்ளோ குழாயை அடைத்துவிட்டார்கள். ரேடியேட்டரின் மேலிருந்து ஒரு டியூபை எடுத்து, காரின் ஃபுட்போர்டில் கட்டி வைத்த தகர டப்பாவுக்குள் விட்டார்கள். டப்பாவில் பாதி அளவு தண்ணீர். ரேடியேட்டர் கொதித்தால் ஆவி அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள் வந்து குமிழியிட்டு மறுபடி தண்ணீராகிவிடும். டப்பாவும் கொதிக்க ஆரம்பித்தால் சுடுதண்ணீர் டிரைவர் மேல் தெறிக்கும். அதுதான் அலாரம். உடனே வண்டியைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்த வேண்டும். ஒரு நிமிஷம் போல் காத்திருந்தால் ரேடியேட்டர் குளிர்ந்து, உள்ளே வெற்றிடம் உண்டாகி, டப்பாவுக்குப் போன தண்ணீரையெல்லாம் அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மூடியைத் திறக்கவே வேண்டாம்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டப்பாவில் 4.5 லிட்டர் தண்ணீர், ஆரம்பச் சூடு 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அது 100 டிகிரிக்குப் போக சுமார் 1,320 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோ ஆவி தண்ணீராக மாறும்போது சுமார் 2,257 கிலோஜூலை விடும். ஆக, டப்பா கொதிப்பதற்குள் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலான தண்ணீரைக் காப்பாற்றிவிடும். ஒரு தடவைக்கு அரை லிட்டர். ஒரு நாளில் பத்துத் தடவை கொதித்தால் ஐந்து லிட்டருக்கு மேல். ஒரு ஆள் ஒரு நாளைக்குக் குடிப்பதைவிட அதிகம். இன்றைக்கு நம் கார்களில் பானெட்டைத் திறந்தால் ஓரத்தில் தெரியும் கூலன்ட் டப்பா, கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது.

மாட்டிக்கொண்ட வண்டி

இரண்டாவது பிரச்சினை புதைவது. இதற்கு அவர்கள் கண்டுபிடித்த சாமான் கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிக் கூரைக்காகச் செய்த நீளமான எஃகுத் தகடுகள். பின்சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி, தகட்டைச் சக்கரத்துக்கு அடியில் செருகி, கிளட்சை விட்டால் வண்டி தகட்டின் மேல் ஏறிக்கொள்ளும். மற்றவர்கள் பின்னாலிருந்து தள்ள வேண்டும். ஏறிய பிறகு டிரைவர் நிறுத்தவே கூடாது, கெட்டித் தரை வரும்வரை போய்க்கொண்டே இருக்கணும். தள்ளியவர்கள் தகட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள். டயரில் காற்றைக் குறைத்தால் மணலில் படியும் பரப்பு கூடும், புதைவது குறையும். இதையும் பழகிக்கொண்டார்கள்.

இன்னொன்று எடை. கதவு, கூரை, முன்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வீசினார்கள். ஒவ்வொரு கிலோ குறையும்போதும் கமான் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் வரும் சுமை குறைகிறது, அதே எடைக்குப் பெட்ரோலோ தண்ணீரோ கூடுதலாக ஏற்றலாம். ஃபோர்டைத் தேர்ந்தெடுத்ததும் இதே மாதிரி யோசனைதான். உதிரிபாகம் மலிவு, ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும், கொஞ்சம் ஸ்பேனர் இருந்தால் மணலில் உட்கார்ந்தே கழற்றி மாட்டலாம்.

யார் முதலில்?

இங்கே ஒரு நேர்மையான குறிப்பு போட வேண்டும். இந்த யோசனைகளை எல்லாம் பாக்னால்ட் ஒருவரின் கண்டுபிடிப்பு என்று எழுதுவது வழக்கம். முழுக்க அப்படி இல்லை. முதல் உலகப் போரில், 1916 முதல், இதே எகிப்தியப் பாலைவனத்தில் ஃபோர்ட் மாடல் டி கார்களில் பிரிட்டிஷ் ரோந்துப் படைகள் சுற்றின. லைட் கார் பெட்ரோல் என்று பேர். ரேடியேட்டர் ஆவியை டப்பாவில் பிடிக்கும் வழக்கம் அவர்களிடமும் இருந்தது. இரும்புக் காரில் காந்த திசைகாட்டி சரியாகக் காட்டாது என்பதால், நிழலை வைத்துத் திசை பார்க்கும் சூரியத் திசைகாட்டியை எகிப்திய நில அளவைத் துறையின் ஜான் பால் அப்போதே காரில் பயன்படுத்தினார். போர் முடிந்தது, படைகள் கலைந்தன, அந்த அனுபவம் ராணுவத்தின் ஞாபகத்தில் இருந்து போய்விட்டது. பாக்னால்ட் செய்தது, அந்த அறிவை மறுபடி கையில் எடுத்து, செம்மைப்படுத்தி, ஒரு முறையாக ஆக்கியது. 1935ல் லிபியன் சாண்ட்ஸ் என்ற புத்தகமாகவும் எழுதி வைத்தார்.

எழுதி வைத்தும் ராணுவம் படிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1939ல் போர் வந்ததும் ஓய்வில் இருந்த அவரைத் திரும்பக் கூப்பிட்டுக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். மத்தியதரைக் கடலில் அந்தக் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதியது. ரிப்பேருக்காகப் போர்ட் சயீதில் நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் அவர் கெய்ரோவுக்குப் போனார், ஆள் வந்திருக்கிறார் என்ற செய்தி ஜெனரல் வேவலுக்கு எட்டியது, எகிப்திலேயே வைத்துக்கொண்டார். பாலைவன ரோந்துப் படை வேண்டும் என்று பாக்னால்ட் எழுதியதை மேலதிகாரிகள் ஏற்கவில்லை. 1940 ஜூன் 10ல் இத்தாலி போரில் குதித்த பிறகுதான் வேவல் நேரடியாகக் கூப்பிட்டுச் சம்மதித்தார். ஆறு வாரம் கொடுத்தார்.

எங்க வேலையில் ஒரு பேச்சு உண்டு. ஒரு ஆள் லீவு போட்டால் மொத்த சிஸ்டமும் நின்னுடும்னா, அது சிஸ்டமே இல்லை. 1940ல் பிரிட்டிஷ் ராணுவத்தின் பாலைவன அறிவு அந்த நிலைமையில்தான் இருந்தது. பாக்னால்டின் பழைய கூட்டாளிகளில் பில் கென்னடி ஷா ஜெருசலேமில் தொல்பொருள் வேலையில் இருந்தார். பேட் கிளேட்டன் டாங்கனிகாவில் நில அளவையாளர். இவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தால்தான் படை. அதுதான் லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்.

30 ஹண்ட்ரட்வெயிட் செவ்ரோலெட்

வண்டிகள் சாதாரண வியாபார லாரிகள். ஒன்றரை டன் சுமக்கும் செவ்ரோலெட், பின்சக்கர இயக்கம். ஒரு பகுதி அலெக்சாண்டிரியா டீலரிடம் வாங்கியது, மீதி எகிப்திய ராணுவத்திடம் கேட்டு வாங்கியது. கேபினை வெட்டி, கமானுக்குக் கூடுதல் பட்டை போட்டு, ஆவி டப்பா, சூரியத் திசைகாட்டி, மணல் தகடு எல்லாம் மாட்டினார்கள். அதில் இரண்டு டன் வரை ஏற்றினார்கள். ஆக, பட்டை உடைவது சகஜமாக இருந்தது. அதனால் ஒவ்வொரு ரோந்துக் குழுவிலும் ஒரு ஃபிட்டர், உதிரிபாகத்தோடு. ஆட்களில் பெரும்பாலோர் நியூசிலாந்துக்காரர்கள், அதில் நிறையப் பேர் விவசாயிகள். சொந்தப் பண்ணையில் டிராக்டரையும் லாரியையும் தாங்களே கழற்றி மாட்டிப் பழகியவர்கள். பாக்னால்டுக்கு அது துப்பாக்கி சுடுவதைவிட முக்கியமான தகுதியாகப் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

குடிக்க ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு பைன்ட், அதாவது சுமார் 3.4 லிட்டர். மேலே சொன்ன ஆவிக் கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தகர டப்பா ஏன் ஆயுதம் மாதிரி என்று புரியும்.

ரிப்பேர் பண்ண முடியாதபோது

1941 ஜனவரி 31. ஜெபெல் ஷெரீஃப் என்ற இடத்தில் கிளேட்டனின் குழு இத்தாலியப் படையிடம் மாட்டியது. சில லாரிகள் எரிந்தன, கிளேட்டன் சிறைப்பட்டார். பாறைகளில் ஒளிந்துகொண்ட நாலு பேர் மட்டும் மிஞ்சினார்கள். தலைமை ஏற்றவர் ரொனால்ட் மூர் என்ற நியூசிலாந்து வீரர், காலில் காயம். கையில் இருந்தது இரண்டு காலனுக்கும் குறைவான தண்ணீர், குண்டு துளைத்த டின்னில், ஓட்டையை அடைத்து வைத்தது. பக்கத்தில் போய்ச் சரணடையலாம் என்ற யோசனையை மூர் ஏற்கவில்லை. வண்டிகள் வந்த டயர் தடத்தைப் பிடித்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். பத்து நாள், 300 கிலோமீட்டருக்கு மேல். பிரெஞ்சுக்காரர்கள் கண்டெடுத்தபோது மூர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். நால்வரில் ஈஸ்டன் என்பவர் மீட்கப்பட்ட பிறகு இறந்துபோனார். மற்ற மூவரும் பிழைத்தார்கள்.

இதன் பக்கத்தில் இன்னொரு சம்பவத்தை வைக்க வேண்டும். 1942 மே மாதம், குஃப்ரா சோலையில் இருந்து கிளம்பிய மூன்று தென்னாப்பிரிக்க ப்ளென்ஹைம் விமானங்கள் வழி தவறிப் பாலைவனத்தில் இறங்கின. இறங்கியபோது 12 பேரும் உயிரோடு இருந்தார்கள். தேடிக் கண்டுபிடித்தபோது பிழைத்திருந்தவர் ஒரே ஒருவர். தாகம்தான் மற்ற 11 பேரையும் கொன்றது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை, தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்பதும் பழக்கமில்லை. மூரிடம் வண்டியே இல்லை. ஆனால் எந்தத் தடம் எங்கே போகிறது, ஒரு வாய்த் தண்ணீர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரிந்திருந்தது. இரண்டு கதைக்கும் நடுவே அதிர்ஷ்டமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை.

மணலின் கணக்கு

பாக்னால்ட் இதோடு நிற்கவில்லை. மணல் மேடு ஏன் அந்த வடிவத்தில் நிற்கிறது, எது கெட்டி, எது புதைக்கும் என்ற கேள்வி அவரை விடவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் காற்றுச் சுரங்கம் கட்டி, காற்றில் மணல் துகள்கள் எப்படித் துள்ளித் துள்ளி நகர்கின்றன என்று அளந்தார். 1941ல் புத்தகமாக வந்தது. 1944ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். செவ்வாய்க் கோளின் மணல் மேடுகளைப் புரிந்துகொள்ள நாசா பிற்பாடு அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்தது. கியூரியாசிட்டி ஊர்தி 2015ல் ஆராய்ந்த மணல் மேடுகளுக்கு பாக்னால்ட் மேடுகள் என்றே பெயர்.

அதே செவ்வாயில் 2009ல் ஸ்பிரிட் ஊர்தி மென்மணலில் புதைந்தது. ஒரு முன்சக்கரம் 2006லேயே சுழல்வதை நிறுத்தியிருந்தது. பூமியில் மாதிரி மணல் செய்து, இன்னொரு ஊர்தியைப் புதைத்து, மாதக்கணக்கில் முயற்சி செய்தார்கள். வெளியே வரவில்லை. 2010 மார்ச்சுக்குப் பிறகு அதனிடமிருந்து தகவலும் இல்லை. அங்கே தகடு செருகவும் ஆள் இல்லை, பின்னாலிருந்து தள்ளவும் ஆள் இல்லை.

லைட் கார் பெட்ரோல்காரர்களுக்குத் தெரிந்தது இருபது வருஷத்தில் கிட்டத்தட்ட மறந்தே போனது. நாலைந்து பேர் லீவில் ஊர் சுற்றப் போனதால் திரும்பக் கிடைத்தது. பாலைவனத்தில் இல்லாவிட்டாலும், நம் ஊரில் நாற்பது வருஷம் லாரி ஓட்டிய டிரைவர்களிடமும் கிளீனர்களிடமும் இதே மாதிரி எழுதப்படாத விஷயங்கள் எவ்வளவோ இருக்கும். தெரிந்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.