கொடுத்த வாக்கும் காத்த துணித்துண்டும்

பொதுநலம் கருதி நிறுவப்படும் சங்கங்களையும் சபைகளையும் நடத்துவோர் காலத்துக்குக் காலம் மாறுவர். வருடாந்தப் பொதுக்கூட்டம் ஒன்றிலே பழைய நிருவாகிகள் அனைவரும் விலக, புதியோர் பொறுப்பேற்பதும் உண்டு. ஆயின், பழைய சபையார் எளியோர் ஒருவருக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? கொடுத்தவரோடு அதுவும் போய்விடுமோ? அன்றி, ஸ்தாபனத்தோடு நிலைத்து நிற்குமோ? இவ்வினாவுக்கு விடை பகரும் வரலாறு ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டன் மாநகரிலே நிகழ்ந்தது.

தோமஸ் கோரம் என்பவர் கடலோடியாகவும் வணிகராகவும் வாழ்ந்தவர். இலண்டன் தெருக்களிலே கைவிடப்பட்டு மடியும் சிசுக்களைக் கண்டு நெஞ்சுருகிய அவர், அவர்களுக்கென ஓர் இல்லம் அமைக்க வேண்டிப் பதினேழு ஆண்டுகள் பெரியோர் வாயில்தோறும் அலைந்தார். 1739ஆம் ஆண்டு இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் அதற்குச் சாசனம் வழங்கினார். 1741ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதி இரவு முதன்முறையாக முப்பது குழந்தைகள் ஏற்கப்பட்டன. 'பவுண்ட்லிங் ஹொஸ்பிற்றல்' என்று அவ்வில்லம் பெயர் பெற்றது. நோயாளருக்கான வைத்தியசாலையன்று அது. கைவிடப்பட்ட குழந்தைகளின் காப்பகம்.

வறுமையாலும் ஊரார் பழிக்கு அஞ்சியும் தாய்மார் தம் மகவை அங்கே கொணர்ந்தனர். தாயின் பெயரை எவரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. குழந்தைக்கோ புதுப் பெயர் சூட்டப்பட்டது. பின்னொரு நாள் தாய் திரும்பி வந்தால் தன் பிள்ளையை எங்ஙனம் அறிவது? அதற்காகவே ஓர் அடையாளத்தை விட்டுச் செல்லுமாறு சபையார் கேட்டனர். அதனைக் கவனமாகப் பேணுவதாகவும் வாக்களித்தனர். சிலர் தேய்ந்த நாணயத்தை விட்டனர். சிலர் நாடாத் துண்டொன்றை விட்டனர். பலருடைய பதிவுத்தாளிலோ குழந்தையின் ஆடையிலிருந்தோ தாயின் ஆடையிலிருந்தோ வெட்டிய சிறு துணியே ஊசியாற் குத்தி வைக்கப்பட்டது. அத்தாளிலே ஓர் இலக்கம். குழந்தையின் கழுத்திலும் அதே இலக்கம்.

நெடுங்காலம் கழியுமுன்னரே நிருவாகத்தில் மாற்றம் நேர்ந்தது. 1742ஆம் ஆண்டு நிருவாகக் குழுவுக்கு நடந்த தெரிவிலே கோரம் தோல்வியுற்றார். இல்லத்தைத் தோற்றுவித்தவரே விலக்கப்பட்டார். எனினும், ஏற்ற குழந்தைகளை இல்லம் கைவிடவில்லை, பதிவேடுகளும் அழியவில்லை. 1751ஆம் ஆண்டு கோரம் காலமானபோது, அவர் உடல் அவ்வில்லத்து ஆலயத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

இதனினும் பெரிய சோதனை 1756ஆம் ஆண்டு வந்தது. இல்லத்துக்குப் பொருளுதவி புரிய முன்வந்த பாராளுமன்றம், கொணரப்படும் சிசுக்கள் யாவற்றையும் ஏற்க வேண்டுமென்று நிபந்தனை விதித்தது. வாயிலிலே கூடை தொங்கவிடப்பட்டது. முதல் நாளே 117 குழந்தைகள் வந்து சேர்ந்தன. நான்கு ஆண்டு நிறைவதற்குள் வந்தவை 14,934. அத்தனை சிசுக்களுக்கும் பாலூட்டும் செவிலியர் போதவில்லை, நோயும் பரவிற்று. அவர்களுள் தொழில் பயிலும் வயதுவரை உயிரோடிருந்தோர் ஏறக்குறைய 4,400 பேரே. வாக்கை வழங்குமுன் அதனைத் தாங்கும் வலிமையை அளந்து பார்க்கவேண்டும் என்பதற்கு இத்துயரமே சான்று.

செலவு கண்டு மிரண்ட பாராளுமன்றம் 1760ஆம் ஆண்டு அவ்வேற்பாட்டை நிறுத்திற்று. இந்த இடத்திலே ஒரு வேறுபாடு ஊன்றி நோக்கற்பாலது. இனி வரும் குழந்தைகளை ஏற்பதில்லை என்று முடிவு செய்தல் வேறு. ஏற்கெனவே வந்த குழந்தைகளை வெளியேற்றல் வேறு. முன்னது கொள்கை மாற்றம்; பின்னது வாக்குத் தவறுதல். பாராளுமன்றம் முன்னதை மட்டுமே செய்தது. தன் வாக்கை நம்பி ஏற்கப்பட்ட குழந்தைகளின் பராமரிப்புக்காக 1771ஆம் ஆண்டுவரை அது பணம் வழங்கிற்று. இடையிலே அரசர் மாறினார். அமைச்சர் பலர் மாறினர். குழந்தைக்கு உணவும் உடையும் நின்றுவிடவில்லை.

துணித்துண்டுகளின் கதை இன்னும் உருக்கமானது. 1741 முதல் 1760 வரை ஏற்கப்பட்ட 16,282 குழந்தைகளுள் திரும்பப் பெறப்பட்டவர் 152 பேர் மட்டுமே. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 'வருபவர் இத்துணைச் சிலரே, இக்குப்பையைப் பேணுவானேன்?' என்று எழுதுவினைஞர் ஒருவர் கேட்டிருப்பின், கணக்கு அவர் பக்கமே நின்றிருக்கும். ஆனால், எந்தத் தாய் வருவாள் என்பதை முன்கூட்டி அறிவார் யார்? ஒருத்திக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்கு அனைவருடைய அடையாளத்தையும் காத்தாக வேண்டும்.

1767ஆம் ஆண்டு சாரா பெண்டர் என்னும் தாய், சார்ள்ஸ் என்ற மகனை அவ்வில்லத்தில் விட்டாள். துண்டுகள் பல இணைத்துத் தைத்த துணியில் இதய வடிவம் ஒன்று. அதை இரண்டாக வெட்டி ஒரு பாதியை இல்லத்திற் கொடுத்தாள். மகனுக்குப் பெஞ்சமின் துவேள் என்ற புதுப் பெயர் வழங்கலாயிற்று. எட்டு ஆண்டுகள் சென்றபின், 1775ஆம் ஆண்டு அவள் திரும்பி வந்தாள். பெயர் மாறியிருந்தது, முகமும் மாறியிருந்தது. துணி இருந்தது. தாயும் மகனும் ஒன்று சேர்ந்தனர்.

அன்றைய துணித்துண்டுகள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை இன்றும் இலண்டன் ஆவணக் காப்பகத்திலே உள்ளன. கோரத்தின் பெயர் தாங்கிய ஸ்தாபனமும் குழந்தைகளுக்குத் தொண்டாற்றி வருகின்றது.

பாடசாலையாயினும், வாசிகசாலையாயினும், தரும நிதியாயினும் அவற்றின் நிருவாகிகள் சொத்துக்கு மாத்திரம் வாரிசுகள் அல்லர். முன்னோர் பட்ட கடனுக்கும் வாரிசுகளே. ஸ்தாபனத்தை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்ட ஏழை, சபையாரின் பெயர்களை அறியான். ஸ்தாபனத்தின் பெயரையே அறிவான். அந்தப் பெயரைத் தாங்கி ஆசனத்தில் அமர்வோர், பழைய பதிவேட்டைத் திறந்து, அங்கே குத்தி வைக்கப்பட்டிருக்கும் வாக்குகளை முதலில் வாசித்தல் வேண்டும்.