பாவலர் வரதராசன் பாடல்களும் மூல மெட்டும்

பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் இன்று பெரும்பாலும் இளையராஜாவின் தமையனாராகவே அறியப்படுகிறார். பொதுவுடைமை மேடைகளுக்குப் பாட்டெழுதிப் பாடியவர் என்ற நிலையில் அவர் தனித்து ஆராயத்தக்கவர்.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியே மலையேறினால் வருவது தேவிகுளம் பகுதி. 1958இல் அங்கு நடந்த இடைத்தேர்தலில் வாக்காளருள் கணிசமானோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர். அவர்களிடையே பரப்புரைக்கு வரதராசன் பாடினார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். வெற்றியைப் பாட்டின் பெயரிலேயே எழுதும் போக்கு உண்டு, அது மிகை. தொழிற்சங்கங்களின் உழைப்பையும் உடன் எண்ண வேண்டும்.

மக்கள் அறிந்த திரைப்பட மெட்டுகளுக்கும் நாட்டுப்புற மெட்டுகளுக்கும் வரதராசன் புதுச்சொல் அமைத்தார். இசைநாடகங்களில் வழங்கிய வர்ணமெட்டு முறைக்கு இது நெருக்கமானது. மெட்டு முன்பே பழகியதாதலின் கேட்போர் கவனம் சொல்லில் நின்றது. காதல் பாட்டாகக் கேட்ட மெட்டில் கூலியும் விலைவாசியும் ஒலிக்கும்போது எழும் எள்ளல், பழைய பாட்டை அறிந்தவர்க்கே முழுமையாகப் புலப்படும். அச்சில் சொல்லை மட்டும் படிப்பவர்க்கு அது கிட்டாது.

ஆகவே இப்பாடல்களைப் பதிப்பிப்போர் ஒவ்வொன்றுக்கும் மூல மெட்டைக் குறித்தல் வேண்டும். அம்மேடைகளை இளமையில் கேட்டோர் இன்று எண்பது வயதை ஒட்டியவர்கள்.