லயத்துக்கு வராத மூன்றாவது வயர்

போன வருஷம் ஒக்டோபர் மாசம், ஹட்டனுக்குப் பக்கத்துல ஒரு தோட்டத்து வாசிகசாலையில படம் போடப் போனோம். மலையக வரலாற்றைப் பற்றிய ஆவணப்படம். இரவல் வாங்கின லேசர் புரொஜெக்டர். வெள்ளை வேட்டியைச் சுவத்துல கட்டியாச்சு, பிள்ளைகள் முன்வரிசையில உட்கார்ந்தாச்சு. இடி முழங்கிச்சு, கரண்ட் போச்சு. பத்து நிமிஷத்துல திரும்ப வந்துச்சு. புரொஜெக்டர் உள்ளே ஃபேன் சுத்துது, வேட்டியில மட்டும் வெளிச்சம் இல்லை.

திருத்துறவர் திறந்து பார்த்துட்டு, "டயோட்டு போயிருச்சு தம்பி. அங்க எர்த் இருந்துச்சா?"ன்னு கேட்டார். ப்ளக்கில மூணு ஓட்டை இருந்தது. பிறகு போய்க் கழட்டிப் பார்த்தா, உள்ளே வந்தது ரெண்டு வயர்தான். அந்த மூணாவது வயர் ஏன் வரலைங்கிற கேள்விதான் இந்தக் கட்டுரை.

இலங்கையின் மின்சார வரலாறு நம்ம மலையில இருந்துதான் தொடங்குது. 1912இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள பிளக்பூலில் ஒரு சிறிய நீர்மின் நிலையம் அமைத்தார். அதன் கரண்ட் நுவரெலியா நகரத்துக்குப் போனது. 1918இல், மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா நீரைக்கொண்டு நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று ஆய்வுக் கட்டுரை வாசித்தார். 1924இல் தொடங்கிய லக்ஷபான வேலை இடையில் நின்று, இழுபட்டு, 1950இல்தான் முடிந்தது. முதல் கட்டத்தின் திறன் 25 மெகாவாட். பிறகு காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை அணைகள் வந்தன. மவுஸ்ஸாக்கலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணிக்குள் போனது. வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் இன்னும் தலைகாட்டும்.

இதில் ஒரு வருஷத்தைக் கவனிக்கணும். லக்ஷபான எரியத் தொடங்க ரெண்டு வருஷத்துக்கு முன், 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் நம்ம ஆக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. மலையின் தண்ணியை நாடு எடுத்துக்கொண்டது. அந்த மலையில் கொழுந்து பறித்தவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

கரண்ட் தோட்டங்களுக்குப் புதுசும் இல்லை. லக்ஷபானவுக்கு முன்பே நூற்றுக்கணக்கான தோட்டங்கள் ஓடைத் தண்ணியில் சின்னச் சின்ன டர்பைன் ஓட்டின. அது உருட்டு மெஷினுக்கும் துரை பங்களாவுக்கும். லயத்தில் குப்பி விளக்கு. திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் பந்தம், பிறகு பெட்ரோமாக்ஸ். பல லயங்களுக்குக் கரண்ட் வர, லக்ஷபானவுக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஆயின. வந்ததும் எப்படி வந்தது? ஒரு காம்பராவில் இருந்து அடுத்த காம்பராவுக்கு இழுத்த ரெண்டு வயராக. குண்டு பல்ப் எரிய அது போதும்.

குண்டு பல்ப் பொறுமைசாலி. ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்கு நேரத்துக்கு வோல்டேஜ் எகிறினாலும், அதன் கம்பி சூடாக நேரம் எடுக்கும், தப்பிக்கும். லேசர் டயோட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. 1962இல் கண்டுபிடிக்கப்பட்டது அது. ஜப்பானில் ஷுஜி நகமுரா 1990களில் நீல லேசர் டயோட்டைச் செய்த பிறகே இன்றைய லேசர் புரொஜெக்டர்களுக்கு வழி திறந்தது. ஒரு எல்லைக்கு மேல் கரண்ட் கொஞ்சம் கூடினாலும் அதன் வெளிச்சம் செங்குத்தாக ஏறும். அளவு மீறினால், ஒளி வெளியேறும் அந்த மெல்லிய முகப்பையே சொந்த ஒளி எரித்துவிடும். ஃபியூஸ் உருகுவதற்குள் கதை முடிந்துவிடும். ட்ரிப் சுவிட்ச் மனுஷரைக் காப்பாற்றும், டயோட்டை இல்லை. கடையில் விற்கும் ஸ்டெபிலைசரும் மெதுவான ஏற்ற இறக்கத்தைத்தான் சரிசெய்யும்.

நல்ல புரொஜெக்டர்களுக்குள் காவல்கள் உண்டு. வாசலில் வேரிஸ்டர் என்ற வில்லை, எகிறும் வோல்டேஜை விழுங்கும். ஒவ்வொரு அடியிலும் அது தேயும். அதற்குப் பிறகு டயோட்டுக்குக் கரண்டை அளந்து, மெதுவாக ஏற்றிக் கொடுக்கும் டிரைவர். ஆனால் பக்கத்தில் இடி விழும்போது ரெண்டு வயரின் வோல்டேஜும் சேர்ந்தே உயரும். அவற்றுக்கு நடுவில் வைத்த காவல் அதை உணராது. அந்த வேகம் இறங்கிப் போக இருக்கும் வழி மூணாவது வயர், அதாவது மண். பாடப்புத்தகம் அதைப் 'புவித்தொடுப்பு' என்கிறது. சேர்ஜ் ப்ரொடெக்டர் வாங்கி, எர்த் இல்லாத ப்ளக்கில் மாட்டினால் பாதிக் காவல்தான்.

மலையில் இது இன்னும் கஷ்டம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி நமக்குத் தெரியும். கம்பிகள் மலைமுகட்டில் நீளமாகப் போகின்றன. பாறை மண்ணில் எர்த் கம்பி நல்லாப் பிடிக்காது. ஆழமாகவோ ஒன்றுக்கு மேற்பட்டோ அடிக்கணும்.

இனிமே படம் போடுறவங்களுக்கு நாங்க பட்டுக் கற்றது: இடி கேட்டவுடனே ப்ளக்கைக் கழட்டுங்க; சுவிட்சை மட்டும் அணைச்சாப் போதாது. டிஷ் அன்டனாவோட புரொஜெக்டரை இணைக்காதீங்க, அந்த வயராலயும் இடி வரும். கரண்ட் திரும்பினா அஞ்சு நிமிஷம் பொறுங்க. முடிஞ்சா பெட்டரியையும் இன்வேர்ட்டரையும் முன்கூட்டியே சார்ஜ் பண்ணி, மெயின் கரண்ட்ல இருந்து முழுசாப் பிரிச்சு ஓட்டுங்க. எர்த் இருக்கான்னு லைசன்ஸ் உள்ள மின்தொழிலாளி ஒருத்தரை வச்சுப் பாருங்க.

நாங்களும் அப்படி ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனோம். அவர் கம்பி அடிக்கிற இடத்தைக் காட்டினார். கூட வந்த ஒரு அக்கா, "தோட்ட நிர்வாகத்துக்கிட்ட கேக்காம இங்க குழி தோண்ட ஏலாது"ன்னாங்க. வாசிகசாலைக்குப் பின்னால உள்ள ஆறடி மண். இருநூறு வருஷமா இந்த மண்ணை வெட்டினவங்களோட பிள்ளைங்க, ஒரு இரும்புக் கம்பியை இறக்க அனுமதிக் கடிதம் எழுதணும்.

காணி உரிமை பற்றிப் பேசும்போது வீடு, பேர்ச்சஸ், உறுதிப் பத்திரம் என்றே பேசுகிறோம். அந்தப் பட்டியலில் மூணாவது வயரையும் சேர்க்கணும். இன்றைக்கு எரிந்தது ஒரு டயோட்டு. ஆனால் எர்த் இல்லாத காம்பராவில் கேத்திலைப் பிடிக்கிற அம்மாவும் அதே ரெண்டு வயரில்தான் இருக்கிறாங்க.

கடிதம் கொடுத்திருக்கிறோம். படம் இன்னும் போடவில்லை.