முந்திரிக்கு ஒரு சட்டம்

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தியின் தாயார் ஏதோ ஒரு படிவத்தில் ஒப்பமிடத் துறைக்கு வந்திருந்தார். பேனாவைப் பிடித்த விரல்களின் நுனி கருத்துத் தோலுரிந்திருந்தது. 'அண்டி ஆபீசில்' வேலை என்றார். குமரி மாவட்டத்தில் முந்திரி ஆலைக்கு அப்படியொரு பெயர். கொட்டை எந்தத் தோப்பிலிருந்து வருகிறது என்று கேட்டேன். "தோப்பு ஏது சார், எல்லாம் கப்பல்ல வருது" என்றார். அந்தக் கப்பல் புறப்படும் கரையைத் தேடிப் போனதில் கிடைத்ததே இக்கட்டுரை.

கொல்லத்து ஆலைகளுக்கும், கூலி குறைவென்பதால் அவற்றின் முதலாளிகள் குமரியில் திறந்த ஆலைகளுக்கும் ஆப்பிரிக்கக் கொட்டை வருவது நெடுங்காலப் பழக்கம். இன்று அதில் பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்காவினுடையது. முன்பு கிழக்குக் கரையிலுள்ள மொசாம்பிக்தான் முதன்மை. பிரேசிலிலிருந்து நமக்கு முந்திரியைக் கொண்டுவந்த அதே போர்த்துக்கீசியர்தாம் அங்கும் கொண்டுசென்றனர். மலையாளி அதைப் பறங்கிமாவு என்று நினைவு பிசகாமல் அழைக்கிறான்.

1970களின் தொடக்கத்தில் மொசாம்பிக் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் முந்திரி விளைவித்தது. உலகில் முதலிடம். தலைநகரில் (இன்றைய மாபுட்டோ) எழுந்த ஆலைகளில் கொட்டை உடைத்தோர் பெரும்பாலும் தென் மாகாணக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த பெண்கள். பலர் துணையின்றிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். அவர்களைப் பற்றி ஜீன் பென்வென் ஒரு நல்ல வரலாற்று நூல் எழுதியிருக்கிறார்.

1975இல் விடுதலை வந்தது. ஊரூராகக் கொட்டை வாங்கி உப்பும் துணியும் விற்ற வணிகர்கள் நாட்டைவிட்டுப் போயினர். கூட்டுக் கிராமத் திட்டம் உழவனை அவன் மரத்திலிருந்து பிரித்தது. 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். உடைக்காத கொட்டையை ஏற்றுமதி செய்யக்கூடாதென்று அரசு தடை விதித்திருந்தது. ஆனால் விளைச்சலே பழைய அளவில் பத்தில் ஒரு பங்கிற்கருகே வந்துவிட்ட பிறகு எதைத் தடுப்பது?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தடை நீங்கி, அதனிடத்தில் உயர்ந்த ஏற்றுமதி வரி வந்தது. அரசு தன் ஆலைகளைத் தனியாருக்கு விற்றது. விற்ற சூடு ஆறுமுன்பே, 1995இல், கடனுதவிக்கு ஈடாக அந்த வரியையும் குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்றது உலக வங்கி. வங்கியின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஏற்றுமதி வரி என்பது உள்ளூரில் விலையை அழுத்தும் கருவி, அந்தச் சுமை உழவன் தலையில் விழுகிறது, ஆலைகளோ திறமையற்றவை, ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர், முந்திரி மரம் வைத்திருக்கும் ஏழைக் குடும்பங்களோ பத்து லட்சம். பொருளியலறிஞர் பால் க்ரூக்மன் 2000இல் ஒரு பத்தியில் இந்தப் பக்கமே நின்றார்.

வரி 14 சதவீதம் வரை இறங்கியது. கொட்டை கப்பலேறியது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்தப் பத்தாயிரம் பேரில் பெரும்பாலோர் வேலையிழந்தனர். அந்த இழப்பில் உழவனுக்கு என்ன கிடைத்தது? மக்மிலன், ராட்ரிக், வெல்ச் ஆகிய மூவரும் 2002இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: சராசரிக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு மிஞ்சிப்போனால் 5.30 டாலர். இடைத்தரகர் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார். வாங்குவோர் பெரும்பாலும் இந்திய ஆலையினரே என்பதால் விலை சொல்லும் அதிகாரமும் கடல் தாண்டியே இருந்தது.

இந்தச் சூழலில்தான் 1999இல் மொசாம்பிக் நாடாளுமன்றம் தன் சட்டத்தை இயற்றியது. உடைக்காத கொட்டையின் ஏற்றுமதிமீது 18 முதல் 22 சதவீதம் வரை வரி. அதன் வருவாயில் ஒரு பகுதி 1997இல் தோன்றிய முந்திரி மேம்பாட்டு நிறுவனத்துக்கு. பிறர் தயவில் வரவுசெலவுத் திட்டம் போடும் நாடு கடன் கொடுத்தவரின் அறிவுரைக்கு மாறாக ஒரு வரியை உயர்த்துவது சிறிய செய்தியன்று. (டிசம்பரில் பொதுத்தேர்தல் வரவிருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது.) நம்மூரில் அவசரக்காரனை முந்திரிக்கொட்டை என்போம். மாபுட்டோ நாடாளுமன்றத்துக்கு அந்தப் பட்டம் பொருந்தாது. சட்டம் வந்தபோது காக்கவேண்டிய ஆலைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடந்தன.

எனக்கு அச்சட்டத்தின் வரிவிகிதத்தைவிட, வரிப்பணம் எங்கே போகவேண்டும் என்று அது சொன்னதே முக்கியமாகப் படுகிறது. மொசாம்பிக்கின் மரங்கள் கிழடு தட்டியவை. சாம்பல் நோய் பூவைத் தின்றது. முந்திரிக் கன்று காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். ஒரு பருவத்தில் விலை கூடியது என்பதற்காக எந்த உழவனும் கன்று நடமாட்டான். விலையை மட்டும் விடுவித்தால் போதும் என்றவர்கள் இதைக் காணவில்லை. ஆலையை மட்டும் காத்தால் போதும் என்று முன்பு தடை விதித்தவர்களும் காணவில்லை. கன்று வளர்க்கவும் மருந்து தெளிக்கவும் பணம் ஒதுக்கியபோதுதான் மரத்தின் நினைவே அரசுக்கு வந்தது.

புத்தாயிரத்தில் தொழில் ஓரளவு மீண்டது. பருப்பை நொறுக்கும் பெரிய எந்திரங்களை விட்டு, நம் ஊர்களில் உள்ளதுபோலக் கையால் இயக்கும் கருவியில் கொட்டை உடைக்கும் சிறு ஆலைகள் தோன்றின. அவை பெரும்பாலும் வடக்கே நம்புலா மாகாணத்தில் அமைந்தன. தலைநகரில் வேலையிழந்த பெண்களுக்கு அது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊர்.