பூச்சிமருந்தும் மறதி மாத்திரையும் குறிவைப்பது ஒரே நொதியைத்தான்!

பூச்சிக்கொல்லியையும் நாம் ‘மருந்து’ என்றுதான் சொல்கிறோம். ஒருவகையில் அது சரிதான். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். உங்கள் தாத்தா அல்சைமருக்குச் சாப்பிடும் டோனெபெசில் மாத்திரையும் அது தாக்கும் அதே நொதியைத்தான் தடுக்கிறது.

நீங்கள் விரலை மடக்க நினைத்ததும் நரம்பு நுனி அசிட்டைல்கோலினை வெளியிடும், தசை சுருங்கும். வேலை முடிந்ததும் அதைச் சிதைத்து அப்புறப்படுத்துவது கோலினெஸ்டரேஸ் நொதி. நொதியைத் தடுத்தால் அசிட்டைல்கோலின் தேங்கும்.

அல்சைமரில் மூளையில் அது குறைந்துவிடுவதால், கொஞ்சம் தேங்கினால் நல்லது (நோய் குணமாகாது, அறிகுறிகள் சற்றுக் குறையலாம், அவ்வளவுதான்). டோனெபெசில் நொதியைப் பிடிக்கும், பிறகு விட்டுவிடும்.

மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகள் லேசில் விடாது. எச்சில், வியர்வை, கண்ணீர் கொட்டும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். நுரையீரலில் நீர் கோக்கும். கடைசியில் மூச்சுத் தசைகள் ஓயும். குடித்தால்தான் என்றில்லை, தோல் வழியாகவும் ஏறும். வயலில் மருந்தடித்தவருக்கு இப்படி ஆனால், கையுறை போட்டுக்கொண்டு அவர் துணியைக் கழற்றுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பாவின் லேபிளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் போடுவது அட்ரோபின் ஊசி. நுரையீரலில் சுரக்கும் நீரை அது வற்றவைக்கும். ஓய்ந்துபோன தசையை எழுப்பாது. அதனால்தான் பலருக்கு வென்டிலேட்டரும் தேவைப்படுகிறது.