குடலில் வாழும் அண்டை வீட்டார்

1892ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டில் காலரா பரவிய வேளை. பாரிஸ் நகரப் பாஸ்டர் ஆய்வகத்தில் அறிஞர் ஒருவர் காலராக் கிருமிகள் கலந்த நீரைத் தாமே எடுத்துக் குடித்தார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை. பின்னர் அதே சோதனைக்கு உட்பட்ட மற்றொருவரோ மரணத்தின் வாயிலைத் தொட்டு மீண்டார். ஒருவரை விட்ட கிருமி மற்றவரை வீழ்த்தியது ஏன்?

அவ்வறிஞர் இலியா மெச்னிக்காவ். 1845இல் கார்கோவ் அருகே பிறந்தவர். 1882இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உடலில் முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. நோய்க் கிருமிகளை விழுங்கும் காவல் அணுக்கள் உடலில் உண்டு என்னும் கொள்கை அங்கே பிறந்தது. எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆயினும் காலரா எழுப்பிய வினா அவரை விடவில்லை. அக்கிருமியைப் பிற நுண்ணுயிர்களோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார். சில அதற்குத் துணை நின்றன, சில தடுத்தன. குடலில் முன்னரே குடியிருப்போருக்கும் நோயில் பங்குண்டு எனத் தெளிந்தார்.

இங்கேதான் அப்பேரறிஞர் சற்றே வழி தவறினார். பெருங்குடல்வாசிகளுள் பெரும்பாலானவை நஞ்சு விளைத்து முதுமையை விரைவுபடுத்தும் பகைவர் எனக் கருதினார். பல்கேரியக் குடியானவரின் நீண்ட ஆயுளுக்கு, துருக்கியர் ‘யோகுர்ட்’ என்றழைத்த தயிரே காரணமென நம்பினார். அத்தயிரின் நுண்ணுயிரை 1905இல் ஜெனீவாவில் கண்டறிந்தவர் ஸ்டாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரியர். நாள்தோறும் புளித்த பால் அருந்திய மெச்னிக்காவ், 1916இல் 71ஆம் வயதில் மறைந்தார். அந்நுண்ணுயிர் மனிதக் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்பது பின்னரே தெரியவந்தது.

அவர் பகைவரென எண்ணியவற்றுள் பல நமக்கு நல்ல அண்டை வீட்டார். நுண்ணுயிரே அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் குடலில் எதிர்ப்பாற்றல் திசுக்கள் முழு வளர்ச்சி பெறுவதில்லை. எவரை எதிர்ப்பது, எவரைப் பொறுப்பது என்னும் பாடத்தைக் காவல் அணுக்கள் பெரிதும் இக்குடியிருப்போரிடமே பயில்கின்றன.

ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இவர்களையும் சேர்த்தே அழிக்கின்றன. காலியான இடத்தில் கொடிய பேதியை விளைக்கும் கிருமி குடியேறுவதுண்டு. அதற்கான ஒரு பரிகாரத்தை நெதர்லாந்து மருத்துவர்கள் சோதித்த ஆய்வு 2013இல் வெளியாயிற்று. நலமுள்ளோர் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்க் கரைசலைப் பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தனர். மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் நலம் கண்டோர் 4 பேரே!

அம்மருந்துகள் உயிர் காப்பவை, வேண்டுமிடத்தில் தவிர்க்கலாகாது. ஆனால் சாதாரணச் சளிக்கும் மருத்துவரைக் கேளாமல் வாங்கிக் குழந்தைக்குப் புகட்டும் பெற்றோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: விரட்டப்படுவது பகைவன் மட்டும்தானா?