அக்தியம் போரும் அரிக்கமேட்டு ஓடுகளும்

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளைக் கண்ட வாசகர்க்கு உடைந்த ஓடு கழிபொருளேயாகும். வரலாற்றாசிரியனுக்கோ அது சாட்சி.

கி.மு. 31இல் அக்தியம் கடற்போரில் ஒக்தாவியன் மார்க்கு அந்தோனியையும் கிளியோபாத்திராவையும் முறியடித்தான். மறு ஆண்டே எகிப்து உரோமருக்கு உட்பட்டது. லூக்கா சுவிசேஷத்தில் நாம் வாசிக்கும் அகுஸ்துராயன் இவனே. எகிப்தோடு செங்கடல் துறைகளும் உரோமர் கைக்கு வந்தமையால் இந்திய வாணிகம் பெருகிற்று. மியோஸ் ஹோர்மோஸ் துறையினின்று 120 கலங்கள் இந்தியாவுக்குச் சென்றன என்று ஸ்திராபோ எழுதுகிறார்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டை 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தாலிய நாட்டு அரெஸ்ஸோவின் செந்நிற மட்கலங்களையும் மதுச்சாடிகளையும் ஆராய்ந்தார். அவற்றின் காலம் தெரிந்ததாகையால், உடன் கிடைத்த உள்நாட்டுக் கலங்களுக்கும் காலம் கணிக்க வழி பிறந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு இது பெரும் பேறு. ஆயினும், அத்துறை உரோமர் வரவாலேயே எழுந்தது என்று அவர் கருதியது நிலைபெறவில்லை. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு, அதற்கு முன்னரே அங்கு குடியிருப்பும் வாணிகமும் இருந்தமையைக் காட்டிற்று. மத்தியதரைக் கடல் நாட்டுச் சரக்கென எண்ணப்பட்ட உருள்வரிக் கலங்களும் இந்தியக் களிமண்ணால் வனையப்பட்டவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

திருச்சபை வரலாற்றை எழுதப் புகுவோர் இதனைச் சிந்திப்பது நலம். அந்நியக் கப்பல் கரைதட்டிய நாளையே தொடக்கமாகக் கொள்வோமாயின், கரையில் நின்று அதனை வரவேற்றவர்களும், சக்கரத்தருகே அமர்ந்து மண் பிசைந்தவர்களும் நம் ஏடுகளிலிருந்து மறைந்துபோவார்கள். போரில் வென்ற இராயனின் பெயரைப் பலரும் எழுதிவைத்தனர். குயவனின் பெயரை எவரும் எழுதவில்லை. அவன் வனைந்த ஓடே அவனுக்காகப் பேசுகிறது.